முதல் கூட்டத்துக்குப் போவதற்கு முன்

குடியை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்ட பிறகும், குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டத்துக்குப் போகும் துணிச்சல் பலருக்கு மாதக்கணக்கில் வருவதில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களில் உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் இந்தத் தயக்கத்தை மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே தெரிந்த முகம் ஏதேனும் இருந்துவிடுமோ, எழுந்து நின்று பேசச் சொல்லிவிடுவார்களோ, பெயரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்வார்களோ, ஒருமுறை போனால் அப்புறம் விடவே மாட்டார்களோ என்ற கேள்விகளோடு வாசல்வரை வந்து, உள்ளே கேட்கும் பேச்சுக்குரலைச் சற்று நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இதை எழுதுவது முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

என் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் போகும் கூட்டங்கள், சுருக்கமாக ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைச் சேர்ந்தவை. அதன் குழுக்கள் பின்பற்றும் நெறிகளான 12 மரபுகளில் 11ஆவது, பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொது ஊடகங்களில் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. நான் சொல்லப்போவது ஓர் உறுப்பினரின் சொந்தக் கருத்து மட்டுமே; அமைப்பின் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை, அப்படிப் பேசும் உரிமை அங்கே எந்தத் தனிமனிதருக்கும் கிடையாது.

கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிக அளவில் குடித்துவந்த ஒருவர், வைராக்கியத்தோடு ஒரே நாளில் முற்றாக நிறுத்திவிடுவது ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் ஆகியவை தொடங்கிவிடும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள், இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, இடமும் காலமும் குழம்பி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டு உயிரையே பறிக்கக்கூடிய நிலை சிலருக்கு ஏற்படும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்திருந்தால், இந்த முறை மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தவே கூடாது. நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் மருந்துகளும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1ம் கொடுத்து அந்த முதல் சில நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்திவிட மருத்துவத்தால் முடியும். கூட்டத்தில் நாங்கள் யாரும் மருத்துவர்கள் அல்லர்; சக குடிநோயாளிகள். மருத்துவமனையிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வருகிறவர்களும், சிகிச்சையும் கூட்டமும் ஒரே சமயத்தில் தொடர்கிறவர்களும் எங்களுள் ஏராளம்.

இந்தக் கூட்டங்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால், அங்கே எதைத் தேடிப் போக வேண்டும் என்பதும் விளங்கும் என்று நினைக்கிறேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச்சந்தைத் தரகரான பில் வில்சன், வியாபார முயற்சி ஒன்று கைகூடாமல் போன நிலையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தார். அவர் குடியை விட்டு ஏறத்தாழ 5 மாதங்களே ஆகியிருந்தன. ஹோட்டலின் முகப்புக் கூடத்தை ஒட்டி மதுக்கூடம். அங்கே போனால் தனிமை தீரும் என்று மனம் சொல்லியது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் மட்டுமே தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்று தோன்றவே, அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். அந்த அழைப்புகள் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர் வழியாக, குடியால் தொழிலையே இழக்கும் நிலையில் இருந்த அறுவைசிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தின் அறிமுகம் கிடைத்தது. 15 நிமிடங்களுக்கு மேல் உட்கார முடியாது என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர், 6 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதிதான் அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படுகிறது, ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கொண்டாடப்படுவதும் அதுவே.

இந்த வரலாற்றில் என்னை ஈர்ப்பது ஒன்று உண்டு. பில் வில்சன் அந்த மருத்துவரைத் திருத்துவதற்காகப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார். உபதேசம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த மருத்துவரால் அவ்வளவு நேரம் உட்கார முடிந்ததும் அதனால்தான். இன்றைக்கும் கூட்டத்தின் உயிர்நாடி அதுவே என்பது என் உறுதியான எண்ணம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகள், வாசிப்புகள், பிரார்த்தனை எல்லாம் இருக்கட்டும்; கூட்டம் தேடும் ஒருவர் உண்மையில் தேட வேண்டியது, நாளை இரவு குடிக்க வேண்டும் என்ற வெறி எழும்போது தயங்காமல் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய ஒரு மனிதரை. அந்த மனிதர் எந்த அறையில் கிடைக்கிறாரோ அதுவே உங்களுக்கான கூட்டம்.

தேடுவது இன்று அவ்வளவு கடினமில்லை. ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்தில் நாடுவாரியாகத் தொடர்பு விவரங்கள் இருக்கின்றன. மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலி அருகில் நடக்கும் கூட்டங்களின் நாளையும் நேரத்தையும் காட்டும். எல்லாக் கூட்டங்களும் அதில் இடம்பெறுவதில்லை என்பதால், செயலியில் எதுவும் தெரியவில்லை என்று விட்டுவிடாமல், மனநல மருத்துவரிடமோ போதை மறுவாழ்வு மையத்திலோ விசாரிக்கலாம். பட்டியல்கள் பழையதாகிப்போவது உண்டு. இடம் மாறிய கூட்டத்தைத் தேடி அலைந்து மனம் சோர்ந்து திரும்புவதைவிட, கிளம்புவதற்கு முன்பு ஏ.ஏ.வின் தொடர்பு எண்ணில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எதிர்முனையில் எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் ஒரு குடிநோயாளியாகவே இருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாக வரும். நான் புதியவன், இன்றைக்குக் கூட்டம் எங்கே நடக்கிறது, வாசலில் யாராவது எனக்காக நிற்க முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இரண்டு வகை உண்டு. முன்னதில் குடும்பத்தினர், மாணவர்கள், ஆர்வமுள்ளவர்கள் என யாரும் வந்து கேட்கலாம். பின்னது குடிப்பழக்கத்தால் அவதிப்பட்டு, நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டுமானது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போக நினைத்தால் திறந்த கூட்டமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இணையவழிக் கூட்டங்கள் நோய்த்தொற்றுக் காலத்தில் பெருகி, இன்று எந்த நேரத்திலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒன்று நடந்துகொண்டிருக்கும் நிலைக்கு வந்துவிட்டன. வெளியே நடமாட முடியாதவர்களுக்கும், இரவு வேலைக்காரர்களுக்கும், அருகில் கூட்டமே இல்லாதவர்களுக்கும் அவை பெரும் உதவி. ஆனாலும் வாய்ப்பு இருக்கிறவர்கள் நேரில் போவதையே நான் விரும்புவேன். திரையை அணைத்தவுடன் தனியாகிவிடுகிறோம். நேரில் போனால் கூட்டம் முடிந்த பிறகும் வாசலில் பேச்சு நீளும்.

இனி அந்த அறைக்குள் போவோம். 10 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். நேரத்துக்குச் சரியாகப் போனாலோ தாமதமாகப் போனாலோ எல்லோரும் அமர்ந்திருப்பார்கள்; அத்தனை முகங்களும் திரும்பிப் பார்ப்பது போன்ற ஒரு கூச்சம் உண்டாகும். முன்னதாகப் போனால் யாரோ ஒருவர் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் இரண்டு நாற்காலியை எடுத்துப் போடலாம். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் தயக்கம் பாதி குறைந்துவிடும். கதவுக்கு அருகில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் அங்கேயே உட்காருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். முதல் பெயர் போதும், அதுவும் உண்மைப் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவேடு கிடையாது, கட்டணமும் கிடையாது. உறுப்பினராவதற்கான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் என்று 3ஆவது மரபு சொல்கிறது. இடையில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். வெளியாரிடம் நன்கொடை வாங்காமல் உறுப்பினர்களே செலவைப் பகிர்ந்துகொள்வது 7ஆவது மரபு; புதியவர் அதை அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம்.

கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். தலைமை தாங்குகிறவர் அமைப்பைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை வாசிப்பார்; 12 படிகள் வாசிக்கப்படும். பிறகு ஒருவர் தன் கதையைச் சொல்வார், அல்லது ஒரு தலைப்பை ஒட்டி வரிசையாகப் பகிர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்க, மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுவார்கள். முதல்முறை கேட்கும்போது இது வினோதமாக இருக்கும். உங்கள் முறை வரும்போது, இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். உங்களைக் குடிநோயாளி என்று அறிவித்துக்கொள்ளும் கட்டாயமும் இல்லை. அதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ, பேசி முடித்ததும் அறிவுரை வழங்குவதோ பெரும்பாலான குழுக்களில் வழக்கமில்லை. வீட்டிலும் வேலையிடத்திலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மறுமொழியாக ஒரு குற்றச்சாட்டைக் கேட்டே பழகியவருக்கு, தான் பேசி முடித்த பின் ஒரு நன்றி மட்டும் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

நான் வழக்கமாகப் போகும் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். புதியவர் யாராவது வந்தால் அவர் எதுவும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய் நின்று, தன் எண்ணைக் கொடுத்து, இப்போதே ஒரு தடவை கூப்பிடுங்கள் தம்பி என்பார். அந்த இளைஞர் குழப்பத்தோடு எண்ணை அழுத்துவார். எதிரில் நிற்கும் மூத்தவரின் சட்டைப்பையில் மணி அடிக்கும். அவர் எடுத்து, ஹலோ, சொல்லுங்கள் தம்பி என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முதல் அழைப்பு முடிந்துவிட்டது, இனி இரண்டாவது கஷ்டமாக இருக்காது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியென்று பலரிடம் பார்த்துவிட்டேன். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனவர்களில் பலர் கூப்பிடுவதில்லை. அங்கேயே நின்று கூப்பிட்டவர்கள் பிறகும் கூப்பிடுகிறார்கள்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். பேசியவர் உங்களைவிடப் பல மடங்கு சீரழிந்தவராக இருந்து, நான் இந்த அளவுக்கு மோசமில்லையே என்று தோன்றலாம். அல்லது எல்லோரும் முதியவர்களாக இருக்கலாம். அல்லது பேச்சு உங்கள் மனத்தில் ஒட்டாமலே போகலாம். குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். ஒன்றில் படிகளைப் பற்றிய கண்டிப்பான வாசிப்பு இருக்கும், இன்னொன்றில் மனம்விட்ட பேச்சு நிறைந்திருக்கும். ஆகவே ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவுகட்டாமல், சில வாரங்களில் நான்கைந்து வெவ்வேறு கூட்டங்களுக்காவது போய்ப் பாருங்கள். போன இடத்தில், ஒரு நாள் குடிக்காமல் இருப்பவரும் 20 ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவரும் சரிசமமாகப் பேசிக்கொள்கிறார்களா, கூட்டம் முடிந்ததும் புதியவர் தனியாக நிற்கிறாரா, அல்லது யாராவது அவரிடம் போய்ப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் ஒரு குழுவை எடைபோட இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

சில எச்சரிக்கைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்தாக இருக்கட்டும், குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவையாக இருக்கட்டும், உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்றே அமைப்பின் சொந்த வெளியீடு கூறுகிறது. கடன் கேட்கிறவர்களிடமிருந்தும், புதிதாக வந்தவர்களிடம் காதல் பேச்சைத் தொடங்குகிறவர்களிடமிருந்தும் விலகி நில்லுங்கள். பெண்களுக்கு இந்த இரண்டாவது தொல்லை உண்மையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களை முதலில் தேடுவதும், வழிகாட்டியாக ஒரு பெண்ணையே தேர்ந்தெடுப்பதும் நல்லது. ஒரு குழுவில் மரியாதைக்குறைவாக உணர்ந்தால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள், கூட்டம் போவதை விட்டுவிடாதீர்கள்.

கடவுள் என்ற சொல் சிலரைத் துரத்திவிடுகிறது. 1939இல் வெளியான அமைப்பின் அடிப்படை நூலில் அச்சான 12 படிகளில் அந்தச் சொல் வருகிறது, உண்மைதான். ஆனால் அதைத் தங்கள் புரிதலுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தையும் அந்தப் படிகளே தருகின்றன; தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்குத் தன் குழுவையே பொருளாகக் கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்களை அறிவேன். அதுவும் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 1994இல் உருவான ஸ்மார்ட் ரிகவரி, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளும் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது. சமூகவியலாளர் ஜீன் கர்க்பாட்ரிக் 1975இல் பெண்களுக்காகவே தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி இன்றும் இயங்குகிறது. இவற்றுக்குள் எது உயர்ந்தது என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிடுவதை நான் விரும்புவதில்லை. எது உங்களை அடுத்த வாரமும் வரவைக்கிறதோ அதில் சேருங்கள்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு வெறும் சாட்சியங்களை மட்டும் காட்ட வேண்டிய காலம் போய்விட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மொத்தம் 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நோயாளிகளை ஏ.ஏ. கூட்டங்களுக்கு முறையாக அறிமுகப்படுத்தி ஆற்றுப்படுத்தும் சிகிச்சைமுறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலனைத் தந்தது என்றும், குடியின் தீவிரத்தைக் குறைப்பது போன்ற மற்ற அளவுகோல்களில் அவற்றுக்கு ஏறத்தாழ இணையாக நின்றது என்றும் அது கூறியது. யாருக்கும் உத்தரவாதம் தருகிற முடிவு இது அன்று. ஆனால் மருத்துவர் ஒருவர் கூட்டத்துக்குப் போகச் சொல்லும்போது, வேறு வழியில்லாமல் சொல்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை.

சில வாரங்கள் போன பிறகு, யாருடைய பேச்சு மனத்தில் நிற்கிறதோ அவரை ஸ்பான்சராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். தான் கடந்துவந்த படிகளில் உங்களை அழைத்துச் செல்லும் மூத்த உறுப்பினர் என்பது இதன் பொருள். தற்காலிகமாக இருங்கள் என்று கேட்பதும் வழக்கம்தான். அவர் மறுத்தாலும் வருந்த வேண்டாம், ஏற்கெனவே பலரைக் கவனித்துக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்ற பழைய அறிவுரையைக் கேள்விப்படுவீர்கள். அது விதியன்று. வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் எப்போதும் முடிகிற காரியமும் அன்று. ஆனால் முதல் மூன்று மாதங்களில் முடிந்தவரை அடிக்கடி போவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குடிக்கும் நேரமாக இருந்த மாலைப்பொழுது அப்போதுதான் வெறுமையாக வந்து முன்னால் நிற்கும், அதை நிரப்ப வேறு ஒன்று வேண்டும்.

இடையில் மறுபடியும் குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வெட்கம் காரணமாக, ஒரு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு அப்புறம் போகிறேன் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் காணாமல் போகிறார்கள். திரும்பி வந்தவரை யாரும் விசாரணை செய்வதில்லை. அந்த அறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதே வாசலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடந்து வந்தவர்கள். போதையில் இருக்கும்போது வந்தால் பேசாமல் கேட்கச் சொல்வார்கள், அவ்வளவே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் மட்டும் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போய்விட வேண்டும்.

இதைப் படிப்பவர் குடிக்கிறவராக இல்லாமல், அவருடைய மனைவியாகவோ தாயாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். உங்களுக்கும் கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவருடைய தோழி ஒருவரும் சேர்ந்து 1951இல் உருவாக்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் உறவினர்களுக்கும் நண்பர்களுக்குமானது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக 1957இல் அதிலிருந்து அலட்டீன் தோன்றியது. பல வீடுகளில் குடிக்கிறவரை எப்படியாவது கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவதிலேயே ஆண்டுகள் கழிகின்றன. அவரோ வர மறுக்கிறார். அவர் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்தாலும், நிறுத்திவிட்டிருந்தாலும், அவருக்குத் தெரியாமலேகூட, இந்த வாரமே நீங்கள் உங்கள் கூட்டத்துக்குப் போகலாம்.